விருப்பப் பாடம், ஸ்வயம், என்எஸ்எஸ், என்சிசி வழியாகக் கல்லூரியில் கிரெடிட் சேர்ப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

ஆறாவது செமஸ்டர் தொடங்கி இரண்டாவது வாரம். இறுதியாண்டு மாணவி ஒருவர் ஒரு தடித்த கோப்பைக் கொண்டுவந்து என் மேசைமேல் வைத்தார். உள்ளே பிளாஸ்டிக் உறைகளில் வரிசையாகச் சான்றிதழ்கள்: மூன்று இணையவழிப் படிப்பு, ரத்ததான முகாம், இரண்டு கருத்தரங்கு, ஒரு மாத கோடைக்காலப் பயிற்சி, கல்லூரிகளுக்கு இடையிலான கைப்பந்துப் போட்டி. "சார், இதுக்கெல்லாம் சேர்த்து எத்தனை கிரெடிட் வரும்?" என்று கேட்டார். இருவரும் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்த்தோம். ஒன்றுக்கும் வராது. இணையவழிப் படிப்பில் பாடம் கேட்டிருந்தார், தேர்வு எழுதவில்லை. பயிற்சிக்குத் துறையின் முன் அனுமதிக் கடிதம் இல்லை. கைப்பந்து ஆடியவர் விளையாட்டுப் பிரிவில் பெயர் பதிந்திருக்கவில்லை.

அவர் உழைப்பில் ஒரு குறையும் இல்லை. முதலாண்டிலேயே யாராவது உட்காரவைத்து இதைச் சொல்லியிருக்க வேண்டும். அந்த வேலையைத்தான் இங்கே செய்கிறேன். ஒன்றை மட்டும் முதலிலேயே பிடித்துக்கொள்ளுங்கள்: ஒரு செயலைச் செய்து முடிப்பது வேறு, அது கிரெடிட்டாகப் பதிவாவது வேறு. நடுவே மூன்று வேலைகள் இருக்கின்றன. அந்தச் செயல் பாடத்திட்டத்தின் எந்தப் பிரிவில் சேரும் என்று தெரிந்துகொள்வது, தொடங்கும் முன்பே அனுமதி வாங்குவது, முடிந்தபின் பதிவு ஏறியதா என்று பார்ப்பது.

கிரெடிட் என்றால் எத்தனை மணி நேரம்?

கிரெடிட் என்பது ஒரு பாடத்தின் அளவைக் குறிக்கும் அலகு; பட்டம் வாங்கக் குறிப்பிட்ட எண்ணிக்கையில் சேர்க்க வேண்டும். யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) 2022 டிசம்பரில் வெளியிட்ட இளநிலைப் படிப்புக்கான கட்டமைப்பின்படி, 15 வார செமஸ்டரில் வாரம் 1 மணி நேரம் வகுப்பு என்றால், அதாவது மொத்தம் 15 மணி நேரத்துக்கு, 1 கிரெடிட். ஆய்வகம், களப்பணி, பயிற்சி, சமூகப் பணி போன்றவற்றுக்கு வாரம் 2 மணி நேரம், மொத்தம் 30 மணி நேரம் சேர்ந்தால்தான் 1 கிரெடிட். 2023இல் வந்த தேசியக் கிரெடிட் கட்டமைப்பு இன்னும் பரந்த கணக்கு வைக்கிறது: வகுப்பு, வீட்டில் படிப்பது, செய்முறை எல்லாம் சேர்த்து 30 மணி நேரக் கற்றலுக்கு 1 கிரெடிட், ஆண்டுக்கு 1,200 மணி நேரம், 40 கிரெடிட்.

மூன்றாண்டுப் பட்டத்துக்கு யுஜிசி வைத்திருக்கும் குறைந்தபட்ச அளவு 120 கிரெடிட், நான்காண்டு ஹானர்ஸ் பட்டத்துக்கு 160. தமிழ்நாட்டுக் கலை அறிவியல் கல்லூரிகளில் மூன்றாண்டுப் பட்டத்துக்குப் பொதுவாக 140 கிரெடிட் வைத்திருக்கிறார்கள்.

மணி நேரத்தை வைத்து நீங்களே கிரெடிட்டைக் கணக்குப் போட்டுவிடாதீர்கள். என்எஸ்எஸ்ஸில் (நாட்டு நலப்பணித் திட்டம்) ஓர் ஆண்டுக்கு 120 மணி நேரம் உழைக்கிறீர்கள். 30ஆல் வகுத்தால் 4 வருகிறது. ஆனால் பாடத்திட்டத்தில் விரிவாக்கப் பணிக்கான பகுதி ஐந்து என்ற பிரிவில் அதற்கு ஒதுக்கியிருப்பது பெரும்பாலான பாடத்திட்டங்களில் மொத்தமே 1 கிரெடிட்தான். ஒதுக்கீடு எவ்வளவோ அவ்வளவுதான் கிடைக்கும்.

முதல் படி: உங்கள் ரெகுலேஷனைத் தேடி எடுங்கள்

நண்பர் சொன்னது, சீனியர் சொன்னது எதையும் நம்பி இறங்க வேண்டாம். நீங்கள் சேர்ந்த ஆண்டுக்குரிய ரெகுலேஷன், அதாவது படிப்புக்கான விதிமுறைக் கோப்புதான் உங்களுக்குச் சட்டம். உங்களுக்கு ஓராண்டு முன்பு சேர்ந்தவருக்கு வேறு விதி இருக்கலாம். தன்னாட்சிக் கல்லூரி என்றால் கல்லூரியின் இணையதளத்திலும், இல்லையென்றால் நீங்கள் இணைந்திருக்கும் பல்கலைக்கழகத்தின் தளத்திலும் அந்தக் கோப்பு இருக்கும். பதிவிறக்கி, பிரிவுவாரியாகக் கிரெடிட் போட்டிருக்கும் அட்டவணையைக் கண்டுபிடியுங்கள்.

கலை அறிவியல் மாணவர்களுக்கு இது ஐந்து பகுதிகளாக இருக்கும். பகுதி ஒன்று தமிழ் அல்லது வேறு மொழி, பகுதி இரண்டு ஆங்கிலம், பகுதி மூன்றில் முதன்மைப் பாடம், துணைப்பாடம், துறை சார்ந்த விருப்பப் பாடங்கள். பகுதி நான்கில் திறன் பாடங்கள், பிறதுறை விருப்பப் பாடம், சுற்றுச்சூழல் கல்வி, விழுமியக் கல்வி. பகுதி ஐந்தில் விரிவாக்கப் பணி: என்எஸ்எஸ், என்சிசி (தேசிய மாணவர் படை), விளையாட்டு, செஞ்சிலுவைச் சங்கம் போன்றவை. நீங்கள் தேர்ந்தெடுத்துச் சேர்க்கக்கூடிய கிரெடிட் பெரும்பாலும் மூன்று, நான்கு, ஐந்தாம் பகுதிகளில்தான் இருக்கிறது.

பொறியியல் மாணவர்கள் துறை விருப்பப் பாடம், திறந்த விருப்பப் பாடம், பயிற்சி, கூடுதல் கிரெடிட் என்ற தலைப்புகளைப் பாருங்கள். தொழில்நுட்பக் கல்வியை மேற்பார்க்கும் ஏஐசிடிஇயின் செயல்பாட்டுப் புள்ளிகள் என்று, பாடத்துக்கு வெளியே செய்யும் பணிகளுக்குத் தனியாக ஒன்று உண்டு. நான்காண்டு மாணவருக்கு 100 புள்ளி, நேரடி இரண்டாமாண்டு சேர்க்கை என்றால் 75. இது கிரெடிட் அல்ல, மதிப்பெண் சராசரியைத் தொடாது. ஆனால் உங்கள் பல்கலைக்கழகம் இதை ஏற்று நடத்தினால், புள்ளி குறைந்தால் பட்டத்தில் சிக்கல் வரும். இரண்டையும் குழப்பிக்கொள்பவர்களை ஆண்டுதோறும் பார்க்கிறேன்.

அட்டவணையைப் பார்த்த கையோடு ஒரு தாளில் மூன்று கேள்விக்கு விடை எழுதிக்கொள்ளுங்கள். எந்தெந்தப் பிரிவில் இன்னும் எத்தனை கிரெடிட் நிரப்ப வேண்டும்? அதில் எதற்கு மதிப்பெண் உண்டு, எதற்கு "நிறைவு செய்தார்" என்று மட்டும் போடுவார்கள்? வெளியில் படித்ததை மாற்றி ஏற்றிக்கொள்ள வழி இருக்கிறதா?

விருப்பப் பாடம்: எளிதானது எது என்று கேட்காதீர்கள்

விருப்பப் பாடத்துக்கு நீங்கள் கூடுதலாக ஒன்றும் செய்ய வேண்டியதில்லை, எப்படியும் எடுத்தாக வேண்டும். ஆனால் தேர்வு செய்யும் அந்த ஒரு வாரத்தில்தான் பலர் தவறிவிடுகிறார்கள். படிவம் வருகிறது, பக்கத்து இருக்கைக்காரர் எதை டிக் அடித்தாரோ அதையே அடித்துவிட்டுப் போகிறார்கள்.

மதிப்பெண் சராசரி எப்படி வருகிறது என்று பாருங்கள். ஒவ்வொரு பாடத்தின் கிரெடிட்டையும் அதில் வாங்கிய தரப்புள்ளியையும் பெருக்கி, எல்லாவற்றையும் கூட்டி, மொத்தக் கிரெடிட்டால் வகுக்கிறார்கள். 4 கிரெடிட் பாடத்தில் 6 வாங்கி, 2 கிரெடிட் விருப்பப் பாடத்தில் 9 வாங்கினால் 24ம் 18ம் சேர்ந்து 42. அதை 6ஆல் வகுத்தால் 7. விருப்பப் பாடம் சின்னதுதானே என்று விடுபவர்கள் விடுவது இந்த ஒரு புள்ளியை.

பிறதுறை விருப்பப் பாடத்தில் ஒரு விதியைக் கவனியுங்கள். பள்ளியில் தமிழே படிக்காதவர்கள் அடிப்படைத் தமிழும், பள்ளியில் தமிழ் படித்துவிட்டுக் கல்லூரியில் வேறு மொழி எடுத்தவர்கள் சிறப்புத் தமிழும் படிக்க வேண்டும் என்பது வழக்கம். பிறதுறைப் பாடத்தைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு மற்றவர்களுக்குத்தான். பகுதி ஒன்றில் இந்தியோ பிரெஞ்சோ எடுத்தவர்கள் இதை முன்கூட்டியே தெரிந்துவைத்துக்கொண்டால் கடைசி நேரத்தில் திகைக்க வேண்டாம்.

குறைந்தபட்ச மாணவர் எண்ணிக்கை சேராவிட்டால் ஒரு விருப்பப் பாடத்தை நடத்தமாட்டார்கள். உங்களுக்குப் பிடித்த பாடத்துக்கு ஆள் சேராது என்று தோன்றினால் வகுப்பில் நாலு பேரிடம் பேசுங்கள். இரண்டாவது தேர்வையும் யோசித்தே எழுதுங்கள், பல நேரம் அதுதான் கிடைக்கும்.

ஸ்வயம், என்பிடெல்: நிறைய வாய்ப்பு, நிறைய ஓட்டை

வகுப்பறைக்கு வெளியே மதிப்பெண்ணோடு கூடிய கிரெடிட் வேண்டும் என்றால் இதைவிட நேரான வழி எனக்குத் தெரிந்து இல்லை. மத்திய அரசின் இணையவழிக் கல்வித் தளமான ஸ்வயம் 2017 ஜூலையில் தொடங்கப்பட்டது. யுஜிசியின் 2021 விதிமுறைப்படி, ஒரு பட்டப்படிப்பின் ஒரு செமஸ்டரில் நடத்தப்படும் பாடங்களில் 40 சதவீதம் வரை ஸ்வயம் வழியாகப் படிக்கக் கல்லூரி அனுமதிக்கலாம். "அனுமதிக்கலாம்" என்ற சொல்லைக் கவனியுங்கள். உங்கள் கல்லூரியின் கல்விக்குழு எந்தெந்தப் பாடத்தை ஏற்றதோ அவை மட்டுமே செல்லும்.

ஆண்டுக்கு இரண்டு சுற்று: ஜனவரி, ஜூலை. ஸ்வயத்தில் ஐஐடி போன்ற நிறுவனங்கள் வழங்கும் என்பிடெல் பாடங்கள் 4, 8, 12 வார அளவில் இருக்கும். முறையே 1, 2, 3 கிரெடிட். பாடத்தில் சேரக் கட்டணம் இல்லை. தேர்வுக்குத்தான் பணம், ஒரு பாடத்துக்கு 1,000 ரூபாய் வாக்கில். சில பிரிவினருக்குச் சலுகை உண்டு. இப்படிச் செய்யுங்கள்:

1. சுற்று தொடங்கும் முன்பே பாடப்பட்டியல் வந்துவிடும். உங்கள் பாடத்திட்டத்தில் எந்தப் பாடத்துக்கு மாற்றாக எதை எடுக்கலாம் என்று இரண்டு மூன்றைக் குறித்துக்கொள்ளுங்கள். வாரவாரியான பாடத் தலைப்புகளை அச்செடுத்துத் துறைத்தலைவரிடம் கொண்டுபோங்கள். வெறும் பெயரை மட்டும் சொன்னால் "பார்க்கலாம்" என்றுதான் பதில் வரும். தாளைக் கையில் கொடுத்தால் பேச்சு நகரும்.

2. எழுத்தில் அனுமதி வாங்குங்கள். பாடத்தின் பெயர், வாரம், கிரெடிட், எந்தப் பாடத்துக்கு மாற்று, எந்த செமஸ்டரில் ஏற்றப்படும் என்ற ஐந்தும் அதில் இருக்கட்டும். கையெழுத்துப் போட்ட நகல் ஒன்று உங்களிடம் இருக்க வேண்டும்.

3. கல்லூரிக்கு என்பிடெல் உள்ளூர் மையம் இருந்தால், பதிவு செய்யும்போது உங்கள் கல்லூரியின் பெயரைச் சரியாகத் தேர்ந்தெடுங்கள். "மற்றவை" என்று போட்டுவிட்டால் உங்கள் பெயர் ஒருங்கிணைப்பாளரின் பட்டியலிலேயே வராது. இதை எத்தனை முறை சொன்னாலும் ஒவ்வொரு சுற்றிலும் நாலைந்து பேர் தவறவிடுகிறார்கள்.

4. வாராந்தர ஒப்படைப்பை விடாதீர்கள். குறிப்பிட்ட நாளின் இரவு 11:59க்கு மூடிவிடும், அப்புறம் யாரும் திறந்துவிட மாட்டார்கள். கடைசி நாளுக்கு முந்தைய நாளையே உங்கள் கெடுவாக வைத்துக்கொள்ளுங்கள்.

5. பாடத்தில் சேர்வது ஒரு பதிவு, தேர்வுக்குப் பதிவது இன்னொன்று. பாதிப்பேர் முதலாவதோடு நின்றுவிடுகிறார்கள். கோப்போடு வந்த அந்த மாணவியும் அப்படித்தான் மூன்று பாடங்களை இழந்தார். தேர்வுப் பதிவுக்குத் தனிக் கடைசி நாள் உண்டு, அதைக் கைபேசி நாட்காட்டியில் இப்போதே போட்டுவையுங்கள்.

மதிப்பெண் முறையைக் கொஞ்சம் விளக்கமாகப் பார்ப்போம், ஏனென்றால் ஏமாற்றம் இங்கேதான் வருகிறது. ஒப்படைப்புக்கு 25, நேரில் போய் எழுதும் தேர்வுக்கு 75. 12 வாரப் பாடத்தில் சிறந்த 8 ஒப்படைப்புகளின் சராசரியை எடுப்பார்கள். 8 வாரத்தில் சிறந்த 6, 4 வாரத்தில் சிறந்த 3. சான்றிதழ் கிடைக்க ஒப்படைப்பில் 25க்குக் குறைந்தது 10ம், தேர்வில் 75க்குக் குறைந்தது 30ம் தனித்தனியே வேண்டும்.

ஒருவர் ஒப்படைப்புகளில் சராசரி 80 வாங்கினார் என்று வைத்துக்கொள்ளுங்கள், 25க்கு 20. தேர்வில் 100க்கு 36 என்றால் 75க்கு 27. கூட்டினால் 47, தேறியதுபோலத் தெரியும். ஆனால் 30 என்ற கோட்டைத் தாண்டவில்லை, சான்றிதழ் இல்லை. அதே 20 வைத்திருப்பவர் தேர்வில் 60 எடுத்தால் 45; மொத்தம் 65, எலைட் என்ற உயர்தரச் சான்றிதழ். ஒப்படைப்பை நண்பர்களிடம் வாங்கி நிரப்பியவர்கள் தேர்வறையில் மாட்டுவது இதனால்தான். தேர்வுக்கு முந்தைய இரண்டு வாரம் பழைய ஒப்படைப்புகளைப் பதிலைப் பார்க்காமல் திரும்பப் போட்டுப் பாருங்கள், அதுவே பெரிய தயாரிப்பு.

ஸ்வயத்தில் என்பிடெல் தவிர மற்ற ஒருங்கிணைப்பு நிறுவனங்களும் பாடம் நடத்துகின்றன. மதிப்பெண் பிரிப்பு அவற்றில் மாறும், பாடப்பக்கத்திலேயே படித்துக்கொள்ளுங்கள்.

பொறியியல் மாணவர்கள் ஹானர்ஸ் அல்லது மைனர் பட்டம் வேண்டும் என்றால், வழக்கமான கிரெடிட்டுக்கு மேல் 18 முதல் 20 வரை கூடுதலாகச் சேர்க்க வேண்டும் என்பது ஏஐசிடிஇயின் மாதிரிப் பாடத்திட்டம். அதை எட்ட இணையவழிப் பாடங்கள் உதவும். ஆனால் ஒரே செமஸ்டரில் மூன்று பாடம் எடுத்து மூச்சுத்திணற வேண்டாம். ஒன்று, மிஞ்சிப்போனால் இரண்டு.

என்எஸ்எஸ், என்சிசி, விளையாட்டு: முதலாண்டிலேயே பெயர் பதியுங்கள்

நாட்டு நலப்பணித் திட்டம் 1969 செப்டம்பர் 24 அன்று, காந்தி நூற்றாண்டு ஆண்டில், 37 பல்கலைக்கழகங்களில் தொடங்கியது. இன்றும் அதன் கணக்கு எளிமையானது: இரண்டு ஆண்டு, ஆண்டுக்கு 120 மணி நேரம், மொத்தம் 240. கூடவே 7 நாள் சிறப்பு முகாம். முகாமுக்குப் போகாமல் மணி நேரத்தை மட்டும் நிரப்பியவர்களுக்குச் சான்றிதழ் சிக்கலாகிவிடும்.

நான் மாணவர்களிடம் வலியுறுத்துவது பணிக்குறிப்பேடு. நீளவாட்டு நோட்டு ஒன்று, ஒவ்வொரு பக்கத்திலும் ஐந்து கட்டம்: தேதி, இடம், என்ன செய்தோம், எத்தனை மணி நேரம், அலுவலர் கையெழுத்து. "மரம் நட்டோம்" என்று எழுதினால் போதாது. "ஏரிக்கரையில் 40 பூவரசங்கன்று, காலை 7 முதல் 10 வரை, 3 மணி நேரம்" என்று எழுதுங்கள். கையெழுத்தை அன்றைக்கே வாங்குங்கள். ஆண்டு முடிவில் நாற்பது கையெழுத்துக்கு ஒன்றாக வந்து நிற்பவரைப் பார்த்து எந்த அலுவலரும் மகிழ்வதில்லை. திட்ட அலுவலர் மாறிவிட்டால் பழைய பக்கங்களுக்குக் கையெழுத்துப் போட ஆளே இருக்கமாட்டார்.

என்சிசிக்கு 2021இல் யுஜிசி பல்கலைக்கழகங்களுக்கு எழுதி, அதைப் பொது விருப்பப் பாடமாகக் கிரெடிட்டோடு வைக்கக் கேட்டுக்கொண்டது. சில கல்லூரிகள் செய்திருக்கின்றன, பல இடங்களில் இன்னும் பகுதி ஐந்தோடு நிற்கிறது. உங்கள் கல்லூரியில் எது என்று கேளுங்கள். பி சான்றிதழ், சி சான்றிதழ் தேர்வு எழுத அணிவகுப்பு வருகை 75 சதவீதம் வேண்டும். ஆள் எடுப்பது முதலாண்டுத் தொடக்கத்தில். மூன்றாமாண்டில் ஆசை வந்தால் வழியில்லை.

விளையாட்டு, நுண்கலை, செஞ்சிலுவைச் சங்கம் எல்லாவற்றுக்கும் இதே நடைமுறைதான்: பெயர்ப் பதிவு, வருகை, பொறுப்பாசிரியர் கையெழுத்து. பலவற்றில் ஒட்டிக்கொள்ளாமல் ஒன்றில் முழுதாக இருங்கள். பகுதி ஐந்தில் இரண்டு செயல்பாடு செய்தாலும் கிரெடிட் ஒன்றுக்குத்தான்.

பயிற்சியும் களப்பணியும்

யுஜிசி கட்டமைப்பில் கோடைக்காலப் பயிற்சிக்கு 2 முதல் 4 கிரெடிட். 30 மணி நேரத்துக்கு 1 என்று கணக்கு, அதாவது 60 முதல் 120 மணி நேரம். ஏஐசிடிஇ வழியில் 1 கிரெடிட்டுக்கு 40 முதல் 45 மணி நேரம் கேட்பார்கள். போகும் முன் கல்லூரியின் கடிதம், நிறுவனத்தின் ஏற்புக் கடிதம். முடித்தபின் தொடங்கிய தேதி, முடிந்த தேதி, மொத்த மணி நேரம் மூன்றும் எழுதிய சான்றிதழ். "ஒரு மாதம்" என்று மட்டும் எழுதிக் கொடுத்தால் அங்கேயே நின்று பணிவாகக் கேட்டு மாற்றி வாங்கிவிடுங்கள். பிறகு தொலைபேசியில் கேட்டு வாங்குவது பெரும்பாடு.

ஏபிசி கணக்கும் உங்கள் இனிஷியலும்

2021 ஜூலை 29 அன்று தொடங்கப்பட்ட ஏபிசி என்பது கிரெடிட் வங்கி. அரசின் மின்னணு ஆவணப் பெட்டகமான டிஜிலாக்கர் வழியாக ஆதாரை இணைத்துத் திறந்தால் 12 இலக்க எண் கிடைக்கும். அதில் நீங்களாகக் கிரெடிட் போட முடியாது; கல்லூரியோ பல்கலைக்கழகமோதான் ஏற்றும். ஏறிய கிரெடிட் அதிகபட்சம் 7 ஆண்டு செல்லும். படிப்பை இடையில் நிறுத்தியவர்களும் கல்லூரி மாறுபவர்களும் இதை நம்பித்தான் திரும்ப வர முடியும்.

நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு இதில் ஒரு தனித்தொல்லை உண்டு. பத்தாம் வகுப்புச் சான்றிதழில் "கவிதா மு", ஆதாரில் "கவிதா முருகேசன்", கல்லூரிப் பதிவில் "மு. கவிதா". நமக்கு மூன்றும் ஒரே ஆள், கணினிக்கு மூன்று பேர். பெயர் பொருந்தாவிட்டால் ஏற்றிய கிரெடிட் உங்கள் கணக்கில் வந்து சேராமல் நிற்கும். முதல் செமஸ்டரிலேயே மூன்று ஆவணங்களையும் மேசையில் பரப்பி எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுங்கள். இனிஷியல் முன்னாலா பின்னாலா, புள்ளி இருக்கிறதா, விரிவாக எழுதியிருக்கிறதா, பிறந்த தேதி சரியா என்று பாருங்கள். திருத்தம் எங்கே எளிது என்று அலுவலகத்தில் கேட்டு அங்கே திருத்துங்கள். ஸ்வயம் பதிவிலும் அதே எழுத்துக்கோவையைப் போடுங்கள்.

பதிவு ஏறியதா என்று பார்ப்பது

என்பிடெல் முடிவு வந்த வாரமே சான்றிதழை அனுமதிக் கடிதத்தின் நகலோடு சேர்த்துத் துறையில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குத் தேதியோடு கையெழுத்து வாங்குங்கள். அடுத்த மதிப்பெண் பட்டியல் வந்ததும் பாடக்குறியீடு, கிரெடிட், தரம் மூன்றையும் பாருங்கள். கூடுதல் கிரெடிட் என்று தனியாகப் போட்டிருந்தால் அது சராசரியில் சேராது என்பது பொதுவான விதி. விருப்பப் பாடத்துக்கு மாற்றாகக் கேட்டிருந்தீர்கள் என்றால் இதைத் திருத்தச் சொல்ல வேண்டும். ஏறவில்லை என்றால் தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலருக்குத் துறைத்தலைவர் வழியாகக் கடிதம் எழுதுங்கள். வாயால் சொன்னது செமஸ்டர் மாறினால் மறந்துபோகும், கடிதம் கோப்பில் இருக்கும்.

இறுதியாண்டில் இருந்துகொண்டு இதைப் படிப்பவர்களுக்கும் வழி அடைபட்டுவிடவில்லை. அந்த மாணவிக்கு மிச்சம் இருந்தது ஒரே ஒரு ஜனவரிச் சுற்று. ஒரு விருப்பப் பாடத்துக்கு மாற்றாக 12 வாரப் பாடம் ஒன்றை எடுக்க அனுமதி வாங்கினோம். சேர்க்கை மூட இரண்டு நாள் இருந்தது. அவர் என் அறையிலேயே உட்கார்ந்து கைபேசியில் பதிந்தார். கல்லூரிப் பெயர், இனிஷியல், ஆதார் எல்லாவற்றையும் இரண்டு பேரும் வாசித்துச் சரிபார்த்தோம். தேர்வுப் பதிவின் கடைசி நாளை அந்தக் கோப்பின் அட்டையிலேயே பெரிய எழுத்தில் எழுதிக்கொண்டு போனார். ஏப்ரலில் தேர்வு எழுதினார். 3 கிரெடிட், மதிப்பெண் பட்டியலில் அவர் பெயருக்கு நேரே ஏறியது.